ஒன்பதடி ஸ்கிரீனும் மஞ்சள் பல்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் குறைந்த செலவில் வீட்டைச் சொகுசாகக் காட்டுவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கட்டுரை சொன்ன ‘குறைந்த செலவு’ ஆறு லட்சம். எங்கள் பகுதியில் ஆறு லட்சம் கையில் இருந்தால் நல்ல வீடாகப் பார்த்துப் போக்கியத்துக்கே போய்விடலாம். சரி, அதை விடுங்கள். ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒட்டும் பேனல், சுவரோடு சேர்த்து அடிக்கும் டீவி யூனிட் என்று அதில் சொன்ன எதையுமே வாடகை வீட்டில் இருப்பவர் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போக முடியாது. ஓனருக்கு மொய் எழுதிய கணக்குதான். உங்கள் வாசகர்களில் வாடகைக்கு இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கரூர் வெங்கமேட்டில் வீட்டிலேயே ஜன்னல் ஸ்கிரீன், தலையணை உறை, சோபா கவர் தைத்துக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஜன்னல் அளவெடுக்கப் போவதால் எல்லா விதமான வீட்டுக்குள்ளும் போய் வந்திருக்கிறேன். மார்பிள் போட்ட வீட்டில் நுழைந்ததும் ஏதோ லாட்ஜ் மாதிரி இருக்கும். சிமென்ட் தரை வீடு ஒன்றில் நுழைந்தால் செருப்பை நேராக வைக்கத் தோன்றும். காசு போட்டும் களை வராத வீடுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டு குறைதான். துணி அளவு பத்தாது, இல்லாவிட்டால் வெளிச்சம் சரியில்லை. இரண்டையும் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் போதும், லட்சம் வேண்டாம்.

முதலில் ஸ்கிரீன். நம் ஊர் வீடுகளில் ஜன்னல் தலை, அதாவது லிண்டல், தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கும். கூரை பத்தடி. ராடை எல்லோரும் ஜன்னலுக்கு ஒட்டினாற்போல் ஏழடியில் அடித்துவிட்டு, கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஐந்தடி ஸ்கிரீனை மாட்டுகிறார்கள். மேலே மூன்றடி வெறும் சுவர், கீழே இரண்டடி வெறும் சுவர், நடுவில் துணி கோவணம் மாதிரி தொங்கும். கூரை இறங்கி வந்து தலையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். அதே ராடை ஒன்பதடியில் அடித்து, தரை வரை துணியை விட்டுப் பாருங்கள். ஜன்னல் எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கூரை உயர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். ஜன்னல் சின்னதா பெரியதா என்பதும் வெளியே தெரியாது.

இதில் ஒரு வேலை நுணுக்கம் உண்டு. ஜன்னலுக்கு நேர் மேலே அரையடி உயரத்துக்குக் கான்கிரீட் இருக்கும். சாதா டிரில் அதில் திணறும், ஆசாரியும் திணறுவார், ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ ஆட ஆரம்பிக்கும். அதைத் தாண்டி மேலே போனால் செங்கல். ப்ளக் வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஆக உயரத்தில் அடிப்பதுதான் சுலபமும்கூட. படுக்கையறையில் ஜன்னல் பக்கம் லாஃப்ட் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, லாஃப்டுக்கு அடியிலேயே ராடை வைத்துத் தரை வரை விடுங்கள். சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிற ஓனர்கள் உண்டு. காலி செய்யும் அன்று வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு ஜன்னலுக்கு நாலு ஓட்டைதான். நான் போன வீடுகளில் நேரில் கேட்ட பிறகும் மறுத்தவர் ஒருவரோ இருவரோதான்.

அகலம் அடுத்தது. நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான். ஐந்தடி ஜன்னல் என்றால் ராடு இரண்டு பக்கமும் எட்டங்குலம் வெளியே வர வேண்டும், மொத்தம் 76 அங்குலம். அப்போதுதான் ஸ்கிரீனை ஒதுக்கும்போது துணி சுவர்மேல் போய் நிற்கும், ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கும். மூடும்போது மடிப்பு விழ வேண்டுமானால் துணி ராடைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும், அதாவது 152 அங்குலம். கடையில் விற்கும் ரெடிமேட் ஸ்கிரீன் ஒன்று நாலடி அகலம். ஜோடியாக மாட்டினாலும் 96 அங்குலம்தான் வரும். மூடினால் வேட்டி காயப்போட்டதுபோல் விறைத்து நிற்கும், மடிப்பே இருக்காது. துணி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் மடிப்பு இல்லாவிட்டால் மலிவாகத்தான் தெரியும். மடிப்பு நிறைந்தால் காடா துணிகூட ராஜ களையாக இருக்கும். மீட்டர் 600 ரூபாய் பட்டு மாதிரித் துணியில் ஐந்து மீட்டர் வாங்குவதைவிட, மீட்டர் 100 ரூபாய் காட்டனில் பத்து மீட்டர் வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன். 54 அங்குல அகலத் துணியில் மூன்று அகலம் எடுத்தால் மேலே சொன்ன ஜன்னலுக்குச் சரியாக வரும். இரண்டு ஸ்கிரீனுக்கும் ஆளுக்கு ஒன்றரை அகலம். உயரம் ஒன்பதடி, மேல் மடிப்பு, கீழ் மடிப்பு, துவைத்தால் சுருங்குவது எல்லாம் சேர்த்து ஒரு அகலத்துக்கு மூன்றேகால் மீட்டர். ஆக மொத்தம் பத்து மீட்டர். நான் கடைசியாகச் செய்த வீட்டில் துணி மீட்டர் 95 ரூபாய், 950 ஆயிற்று. என் கூலி 450. ராடும் பிராக்கெட்டும் 600. ஒரு ஹால் ஜன்னல் இரண்டாயிரம் ரூபாய்க்கு முடிந்தது. ஃபால்ஸ் சீலிங்குக்கு இங்கே சதுர அடிக்கு நூறு ரூபாயைச் சுற்றிக் கேட்கிறார்கள். பன்னிரண்டுக்குப் பதினாலு ஹாலுக்குப் பதினாறாயிரத்துக்கு மேல் ஆகும். காசும் கொடுத்து, இருக்கிற கூரை உயரத்தில் அரையடியையும் இழப்பது என்ன கணக்கோ எனக்கு விளங்கவில்லை.

தைக்கும்போது சில விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. காட்டன் என்றால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நனைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறிவிடும், குட்டைப் பாவாடை ஆகிவிடும். கீழ் மடிப்பு அரை அங்குலம் மடித்து அடித்தால் கடைச் சரக்கு என்று தெரிந்துவிடும். மூன்று அங்குலத்தை இரண்டு தடவை மடித்து அடிக்க வேண்டும். அந்தக் கனத்தில்தான் துணி நேராக விழும். ஏற்றுமதிச் சரக்கில் மூலைக்கு மூலை சின்ன எடை வைப்பார்கள், ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க. நான் பழைய 25 பைசாவை வைத்துத் தைக்கிறேன். அதிலும் காண்டாமிருகம் போட்டது. அது ஸ்டீல் காசு என்பதால் துவைத்தாலும் துருக்கறை ஏறாது. 2011 ஜூனோடு அது செல்லாக் காசாகிவிட்டது. எங்கள் வீட்டு உண்டியலில் ஒரு டப்பா நிறைய இருந்தது, இப்போது பாதி ஊர் ஜன்னல்களில் தொங்குகிறது.

வெளிநாட்டுப் படங்களில் ஸ்கிரீன் தரையில் ஒரு முழம் புரண்டு கிடக்கும். நம் வீட்டுக்கு அது ஆகாது. தினம் பெருக்கி மாப் போடுகிற வீட்டில் ஒரே வாரத்தில் நுனி கறுத்துவிடும், பல்லிக்கும் கரப்பானுக்கும் குடித்தனம் வைத்துக் கொடுத்தது போலாகும். தரைக்கு மேலே அரை அங்குலம் நிற்கட்டும்.

நிறம் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். என் கருத்து, ஸ்கிரீன் நிறம் சுவர் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். சந்தன நிறச் சுவருக்கு அதைவிட ஒரு படி அடர்ந்த சந்தனம், இல்லாவிட்டால் ஒரு படி வெளிறியது. ‘எடுப்பாக’ இருக்கட்டும் என்று சந்தனச் சுவரில் மெரூன் ஸ்கிரீன் போட்டால் ஜன்னல் மட்டும் தனியாக வெட்டி ஒட்டியது போலிருக்கும், அறை இரண்டாக உடையும். எடுப்பு வேண்டுமென்றால் இரண்டு குஷன் உறையில் காட்டிக்கொள்ளுங்கள். சலித்துப்போனால் மாற்றவும் சுலபம்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். செக்கிங்கில் எங்களிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது, உள்ளே விதவிதமான விளக்குகள். சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய சாம்பிள் துணியையும் எங்கள் சாயப் பட்டறையிலிருந்து வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுப் பார்ப்போம். டி65 என்பது பகல் வெளிச்சம். டிஎல்84 ஐரோப்பியக் கடைகளில் இருக்கும் டியூப் வெளிச்சம். இன்னொன்று வீட்டில் எரியும் மஞ்சள் பல்பு. பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருந்த இரண்டு துணியும் மஞ்சள் பல்பில் ஒன்று பச்சையடிக்கும், ஒன்று சிவப்படிக்கும். அப்படியானால் மொத்த லாட்டும் திரும்பச் சாயத்துக்குப் போகும். வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டு விளக்கில்தானே பார்ப்பார் என்று பையர் அதையும் பார்க்கச் சொல்வார். நாம் மட்டும்தான் துணியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, எரிகிற விளக்கைப் பற்றி யோசிப்பதே இல்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று எழுதிய வெள்ளை எல்இடி டியூப் ஒன்று சுவர் உச்சியில் இருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், குறையக் குறைய மஞ்சளாகும். பரீட்சைக்குப் படிக்க, அரிசியில் கல் பொறுக்க அது நல்லது. ஆனால் முகமும் மரமும் துணியும் அதில் வெளிறிப்போகும், தேக்குக் கதவுகூட அட்டை மாதிரி தெரியும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின், வார்ம் ஒயிட் என்று போட்ட பல்பு இரண்டு வாங்குங்கள். ஒன்பது வாட் போதும், ஒன்று நூறு ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். அதைக் கூரையில் மாட்டாதீர்கள். ஹாலின் மூலையில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, அல்லது ஷோகேஸ் பக்கத்தில் சுவர் விளக்கு, உட்கார்ந்தால் தோள் உயரத்துக்கு வெளிச்சம் வருகிற மாதிரி. சாயங்காலம் டியூபை அணைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் போட்டுப் பாருங்கள். சுவரில் உள்ள கைக்கறை அவ்வளவாகத் தெரியாது. விருந்தாளி வரும் நேரத்தில் இது பெயிண்டரைவிட வேகமாக வேலை செய்யும். இரண்டு பல்பும் ஒரே கெல்வினாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்று மஞ்சள் ஒன்று வெள்ளை என்றால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும்.

எங்கள் பகுதியில் ஒரு வீடு. அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், மாடியில் வாடகைக்கு ஒரு ஹால், ஒரு ரூம். பெண்ணைப் பார்க்க வருகிறார்கள் என்று புது சோபா செட் தவணையில் எடுக்கப் போனார்கள், 42,000 ரூபாய். அந்தம்மா என்னிடம் ஸ்கிரீன் மட்டும் தைக்கத்தான் வந்தார். “ஏனுங்க அக்கா, இந்தக் கிழிஞ்ச சோபாவ வெச்சுக்கிட்டு வாரவங்கள எங்கீங்க உக்கார வெக்கிறது?” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். சோபாவின் கட்டை நல்ல கட்டை. ரெக்சின் ஒரு கைப்பக்கம் கிழிந்திருந்தது, உட்காரும் இடத்தில் ஃபோம் குழி விழுந்திருந்தது. அவ்வளவுதான்.

உட்காரும் இடத்துக்கு மட்டும் 40 டென்சிட்டி ஃபோம் நாலங்குலத்தில் மூன்று துண்டு வெட்டி வாங்கினோம். கெட்டியான காட்டன் துணியில் கழற்றித் துவைக்கிற மாதிரி கவர் தைத்தேன். குஷனுக்குப் பதினாறு அங்குல உறைக்குள் பதினெட்டு அங்குலப் பஞ்சுப் பையைத் திணித்தேன். இது கம்பெனியில் கற்றது. உள்ளே இருப்பது உறையைவிட இரண்டங்குலம் பெரியதாக இருந்தால்தான் மூலை நாலும் விம்மி நிற்கும். அளவுக்கு அளவு போட்டால் நாலு நாளில் தொளதொளத்துவிடும். பஞ்சு இலவம் பஞ்சு. வீட்டில் கிடந்த பழைய தலையணைகளைப் பிரித்து வெயிலில் போட்டு எடுத்தது, அதற்குச் செலவே இல்லை.

அப்புறம் கழிக்க வேண்டியதைக் கழித்தோம். ஹால் சுவரில் நகைக்கடை, ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க் என்று காலண்டர் மட்டும் நாலு. தினசரி காலண்டரை அடுப்படிக்கு மாற்றினோம், மற்றதைச் சுருட்டி வைத்தாயிற்று. டீவிக்குப் பின்னால் தொங்கிய வயரை எல்லாம் ஒன்றாகக் கட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால் விட்டோம். ஷோகேஸில் ஸ்கூல் கப், கல்யாணத்தில் கொடுத்த டிபன் பாக்ஸ், தலை ஆட்டும் பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா என்று அடைத்திருந்ததில், அவருடைய அம்மா கொடுத்த பித்தளைச் செம்பையும் ஒரு குத்துவிளக்கையும் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் கட்டினோம். ஸ்கூல் கப்பை எடுத்ததற்குப் பையன் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. ஒன்றைத் திரும்ப வைத்துக் கொடுத்தேன். ஸ்விட்ச் போர்டைச் சுற்றியிருந்த கறையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தோம். திவானில் பவானி ஜமுக்காளம். மொத்தம் ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பற்றி என்ன சொன்னார்களோ, கீழ் வீட்டு ஓனரம்மா மறுவாரம் என்னைக் கூப்பிட்டு அவர்கள் ஜன்னலுக்கு அளவெடுக்கச் சொன்னார். நாலு ஓட்டைக்கு முதலில் முகத்தைச் சுளித்தவரும் அவர்தான்.

துணி எங்கே வாங்குவது என்று எல்லோரும் கேட்பார்கள். கரூரில் தயாராகும் ஸ்கிரீனும் படுக்கை விரிப்பும் குஷன் உறையும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகின்றன. ஆர்டருக்குமேல் கொஞ்சம் கூடுதலாக ஓட்டுவது வழக்கம், கழிவு போனாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காக. மிஞ்சுவதுதான் சர்ப்ளஸ். செக்கிங்கில் கழிவது செகண்ட்ஸ். செகண்ட்ஸ் என்றதும் கிழிசல் என்று நினைக்க வேண்டாம். துணியில் மூன்று அங்குலம் வரையுள்ள குறைக்கு ஒரு புள்ளி, ஒன்பது அங்குலத்துக்கு மேலென்றால் நாலு புள்ளி என்று போட்டுக்கொண்டே வருவோம். நூறு சதுர கஜத்துக்குப் பொதுவாக 40 புள்ளியைத் தாண்டினால் துணி தேறாது. ஒரு நூல் தடித்திருப்பது, பாவில் ஒரு இழை விட்டுப்போயிருப்பது, இவையெல்லாம்தான் அந்தப் புள்ளிகள். மடிப்பு நிறைய விட்டுத் தைத்த ஸ்கிரீனில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் செக்கிங்கில் இருந்த எனக்கே நேரமாகும். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இங்கே பல ஆர்டர்கள் நின்றன, தையல்காரர்களுக்கு வேலை நாள் குறைந்தது. நம் ஊர்த் துணியை நம் ஜன்னலில் பார்க்க எனக்கு இருக்கும் ஆசைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’ என்று போர்டு வைத்தவர் எல்லாம் அதைத்தான் விற்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். காட்டன் என்று சொன்னால் ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர். கடைக்காரர் முறைத்தால் அந்தக் கடையே வேண்டாம். எல்லா ஜன்னலுக்கும் ஒரே லாட்டில் எடுங்கள். இன்னொரு நாள் போய்க் கேட்டால் அதே நிறம் என்று காட்டுவார்கள், அரை ஷேடு மாறும், வீட்டில் மாட்டிய பிறகுதான் தெரியும். கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாமல் துணியை வாசலுக்கு எடுத்து வந்து ஒரு தடவை பாருங்கள்.

காட்டனுக்கும் ஒரு குறை உண்டு. மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னலில் காட்டன் சீக்கிரம் வெளுத்து இற்றுப்போகும். அங்கே உள்பக்கம் காட்டன் இருக்கட்டும், வெயில் பக்கம் காடாவில் ஒரு லைனிங் கொடுங்கள். துணியின் ஆயுளும் கூடும், கனமும் கூடும், விழுவதும் அழகாக விழும்.

தரைக்குப் பத்தமடைப் பாய் ஒன்று போதும். பழைய சிவப்பு ஆக்சைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ இருக்கிற வீட்டுக்கு அதுவும் தேவையில்லை. அந்தத் தரை மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டிய ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்குச் சோறே இறங்கவில்லை எனக்கு.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்த மாதிரிக் கட்டுரை போடும்போது படத்துக்குப் பக்கத்தில் என்ன துணி, எத்தனை மீட்டர், கூலி எவ்வளவு என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். வாடகை வீடு ஒன்றையாவது படம் எடுத்துப் போடுங்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஊர்த் தையல்காரரிடம் ஸ்கிரீன் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜன்னல் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் ராடை அடித்துவிடுங்கள். ராடிலிருந்து தரை வரை இடது பக்கம், நடு, வலது பக்கம் என்று மூன்று இடத்தில் ஸ்டீல் டேப் வைத்து அளந்து மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். துணி டேப் இழுத்தால் இழுபடும். கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் தரையைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார், மூன்று அளவும் ஒன்றாக வராது.

இப்படிக்கு,
ஸ்கிரீன் தைக்கும் ஒரு வாசகி,
வெங்கமேடு, கரூர்.